ரெட் சாக்ஸ் ரசிகரோடு வாதாடுவது எப்படி? வீரர், ஒப்பந்தம், நிர்வாகம்: ஒரு முழுமையான வழிகாட்டி

பாஸ்டனில் பேஸ்பால் பேச்சை எடுத்தால் கொஞ்ச நேரத்திலேயே மூக்கி பெட்ஸின் பெயர் வந்து நிற்கும். 2018-ல் அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கியவர். அதே ஆண்டு பாஸ்டனின் ரெட் சாக்ஸ் அணி 108 ஆட்டங்களை வென்று கோப்பையையும் கைப்பற்றியது. அப்படிப்பட்டவரை 2020 பிப்ரவரியில், 27 வயதில், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்று தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை.

அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில் 30 அணிகள், அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரண்டாகப் பிரிந்து இருக்கின்றன. ஓர் அணிக்கு ஆண்டுக்கு 162 ஆட்டங்கள். ஆட்டம் இல்லாத குளிர்காலத்தில்தான் ரசிகர்களின் வாய்ச்சண்டை உச்சத்துக்குப் போகும். யாரை வாங்கலாம், யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம், யாரை விரட்டலாம் என்று எல்லோருக்கும் ஒரு கருத்து உண்டு. அந்தப் பேச்சில் பொருளோடு கலந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் ரெட் சாக்ஸ் அணியிலிருந்துதான். கணக்கு எந்த அணிக்கும் பொருந்தும்.

முதல் படி: சண்டை எதைப் பற்றி என்று பிரித்துக்கொள்ளுங்கள்

"டெவர்ஸை அனுப்பியது சரிதான்" என்கிறார் ஒருவர். "அவர் மாதிரி அடிப்பவர் யார் இருக்கிறார்?" என்கிறார் இன்னொருவர். இருவரும் கத்துகிறார்கள், ஆனால் பேசும் விஷயமே வேறு. வீரர் எப்படிப்பட்டவர், அவருக்குப் போட்ட ஒப்பந்தம் எப்படிப்பட்டது, அவர் விஷயத்தில் நிர்வாகம் எடுத்த முடிவு எப்படிப்பட்டது என்று மூன்று கேள்விகள் இருக்கின்றன. நல்ல வீரருக்கு மோசமான ஒப்பந்தம் இருக்கலாம். மோசமான ஒப்பந்தத்தைக் கழற்றிவிட்ட விதம் அதைவிட மோசமாக இருக்கலாம்.

ரஃபேல் டெவர்ஸ் விவகாரத்தையே எடுத்துக்கொள்வோம். 2023 தொடக்கத்தில் அவருக்கு 10 ஆண்டுகளுக்கு 31.35 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். 2025 பிப்ரவரியில் மூன்றாம் பேஸ் என்ற ஃபீல்டிங் இடத்தில் ஆடும் அலெக்ஸ் பிரெக்மனை அழைத்து வந்தார்கள். அது டெவர்ஸின் இடம். அவரை ஃபீல்டிங் செய்யாமல் பேட் மட்டும் பிடிக்கும் இடத்துக்கு நகர்த்தினார்கள். முதலில் முரண்டு பிடித்தவர் பிறகு ஏற்றுக்கொண்டார். மே மாதம் முதல் பேஸ் ஆட்டக்காரர் டிரிஸ்டன் கசாஸுக்கு முழங்காலில் பெரிய காயம். இப்போது அந்த இடத்தில் ஆட முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்றார். ஜூன் 15 அன்று, பரம எதிரியான நியூயார்க் யாங்கீஸை மூன்று ஆட்டங்களிலும் வீழ்த்திய சூட்டோடு, சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சமிருந்த 25 கோடி டாலருக்கு மேற்பட்ட சம்பளச் சுமையையும் ஜயன்ட்ஸ் ஏற்றுக்கொண்டது.

இதில் வீரர்: அருமையான பேட்டர், சுமாரான ஃபீல்டர். ஒப்பந்தம்: ஃபீல்டிங் தேய்ந்துபோகும் வயது வரை நீளும் ஒன்று, அது தெரிந்தே போடப்பட்டது. முடிவு: இங்கேதான் உண்மையான வாதம். அந்த சீசனில் ரெட் சாக்ஸ் 89 ஆட்டங்களை வென்று பிளேஆஃப், அதாவது கோப்பைக்கான இறுதிச் சுற்றுகளுக்குப் போனது, ஜயன்ட்ஸ் 81 வெற்றி 81 தோல்வி என்று நின்றது. அதை மட்டும் காட்டி "பார்த்தீர்களா" என்பது எனக்கு ஒப்பாது. 10 ஆண்டு ஒப்பந்தம் போட்ட ஒருவரிடம் இடமாற்றத்தைப் பற்றி எப்போது, யார், எப்படிப் பேசியிருக்க வேண்டும் என்ற கேள்விக்கு வெற்றி தோல்விப் பட்டியலில் பதில் இல்லை.

இரண்டாம் படி: ஆறு ஆண்டுக் கடிகாரத்தைப் படியுங்கள்

இது தெரியாமல் ஒப்பந்தம் பற்றிப் பேசவே முடியாது. மேஜர் லீக்கில் ஒரு வீரர் 6 ஆண்டுகள் பணி முடித்தால்தான் ஃப்ரீ ஏஜென்ட், அதாவது எந்த அணியோடும் பேசும் சுதந்திரம் பெற்றவர். முதல் 3 ஆண்டுகள் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியே கிடைக்கும். 2025-ல் அது 7.6 லட்சம் டாலர். அடுத்த 3 ஆண்டுகள் ஆர்பிட்ரேஷன். வீரர் ஒரு தொகை சொல்வார், அணி ஒரு தொகை சொல்லும், சமரசம் ஆகாவிட்டால் நடுவர் குழு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். நடுவில் ஒரு தொகைக்கு வர அந்தக் குழுவுக்கு அதிகாரம் கிடையாது.

இந்தச் சுதந்திரம் சும்மா கிடைத்துவிடவில்லை. 1969-ல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் தன்னை பிலடெல்பியாவுக்கு அனுப்பியதை கர்ட் ஃபிளட் ஏற்க மறுத்து வழக்குப் போட்டார். 1972-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார், ஆட்ட வாழ்க்கையும் முடிந்துபோனது. 1975 டிசம்பரில் பீட்டர் சைட்ஸ் என்ற நடுவர் அளித்த தீர்ப்பில்தான் வீரர்களுக்குக் கதவு திறந்தது. அதற்கு முன்பு ஒரு வீரர் அணியின் சொத்து மாதிரி, காலம் முழுக்க அங்கேயே. "இவ்வளவு பணம் எதற்கு, பேராசை" என்று வீரரைத் திட்டும் ரசிகர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை படித்துவிட்டு வருவது நல்லது.

கடிகாரத்தில் அணிகள் கை வைக்கும் இடமும் உண்டு. சீசன் ஏறக்குறைய 187 நாள் ஓடும். அதில் 172 நாள் மேஜர் லீக் அணியில் இருந்தால் ஓர் ஆண்டுப் பணி. 2015-ல் சிகாகோ கப்ஸ் தன் இளம் நட்சத்திரம் கிரிஸ் பிரையன்ட்டை சீசன் தொடக்கத்தில் மைனர் லீக்கில், அதாவது மேஜர் லீக்குக்குக் கீழ்நிலைப் போட்டியில், வைத்திருந்து ஏப்ரல் 17 அன்று அழைத்தது. சீசன் முடிவில் அவர் கணக்கில் 171 நாள். ஒரே ஒரு நாள் குறைவு. அதனால் அவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆவது ஓர் ஆண்டு தள்ளிப்போனது. அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் விருது அவருக்குத்தான் கிடைத்தது, அடுத்த ஆண்டு மிகச் சிறந்த வீரர் விருதும். அவர் தரப்பில் போட்ட முறையீடு 2020-ல் தள்ளுபடியானது. விதிப்படி கப்ஸ் செய்தது செல்லும். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

இந்தக் கடிகாரம் புரிந்தால், அணிகள் ஏன் பால் மணம் மாறாத இளைஞர்களிடம் நீண்ட ஒப்பந்தம் போட ஓடுகின்றன என்பதும் புரியும். 2025-ல் மட்டும் ரெட் சாக்ஸ் இப்படி இருவரிடம் கையெழுத்து வாங்கியது. ஏப்ரலில் கிறிஸ்டியன் கேம்பல், 8 ஆண்டு, 6 கோடி டாலர். ஆகஸ்டில் ரோமன் ஆண்டனி, 8 ஆண்டு, 13 கோடி டாலர். கேம்பல் ஜூன் மாதமே ஃபார்ம் இழந்து வொர்செஸ்டரில் உள்ள மைனர் லீக் அணிக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அதை வைத்து "6 கோடி போச்சு" என்று புலம்புவது அவசரம். வீரர் விலையுயர்ந்த ஆண்டுகளை முன்கூட்டியே விற்றுப் பாதுகாப்பை வாங்குகிறார், அணி ஆபத்தை ஏற்று விலையைக் குறைக்கிறது. எட்டு ஆண்டுக் கணக்கை எட்டு வாரத்தில் மூட முடியாது.

மூன்றாம் படி: ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையில் மயங்காதீர்கள்

தலைப்புச் செய்தியில் வருவது மொத்தத் தொகை. பார்க்க வேண்டியவை வேறு.

ஷோஹெய் ஓதானி 2023 டிசம்பரில் டாட்ஜர்ஸோடு 10 ஆண்டுகளுக்கு 70 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். அதில் 68 கோடியை 2034 முதல் 2043 வரை வட்டியில்லாமல் வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். ஆடும் ஆண்டுகளில் கைக்கு வருவது ஆண்டுக்கு வெறும் 20 லட்சம். பின்னால் வரும் பணத்துக்கு இன்றைய மதிப்பு குறைவு என்பதால், அணிகளின் செலவு மீதான வரிக் கணக்கில் (நான்காம் படியில் வரும்) அவருடைய சம்பளம் ஆண்டுக்கு 7 கோடி ஆகாமல் சுமார் 4.6 கோடியாகவே எழுதப்படுகிறது. ஹுவான் சோட்டோ 2024 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸோடு போட்டது 15 ஆண்டு, 76.5 கோடி. அதில் தள்ளிவைத்த பணமே இல்லை. எனவே இரண்டையும் மொத்தத் தொகையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் வாதம் தொடக்கத்திலேயே கோணலாகிவிடும்.

தள்ளிவைத்த பணம் என்றதும் எல்லோரும் பாபி பொனியாவைச் சிரித்துக்கொண்டே இழுப்பார்கள். மெட்ஸ் அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்த 59 லட்சம் டாலரை 8 சதவீத வட்டியோடு தள்ளிப்போட்டது. விளைவாக 2011 முதல் 2035 வரை ஒவ்வொரு ஜூலை 1 அன்றும் அவருக்குச் சுமார் 11.9 லட்சம் டாலர் போகிறது. ஓதானி விஷயத்தில் வட்டியே கிடையாது. அதனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

அடுத்து, இடையில் விலகும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். பிரெக்மனின் ஒப்பந்தம் 3 ஆண்டு, 12 கோடி என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் விலகும் உரிமை அவருக்கு இருந்தது, முதல் ஆண்டிலேயே விலகினார். அப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் வீரர் நன்றாக ஆடினால் போய்விடுவார், ஆடாவிட்டால் தங்கிவிடுவார். ரசிகர்கள் இதை மறந்துவிட்டு "மூன்று ஆண்டுக்கு மூன்றாம் பேஸ் கவலை தீர்ந்தது" என்று எழுதினார்கள்.

ஒப்பந்தப் பணம் உறுதியானது என்பதும் முக்கியம். ஆடினாலும் ஆடாவிட்டாலும் கொடுத்தே ஆக வேண்டும். பாப்லோ சாண்டோவலுக்கு 2014-ல் 5 ஆண்டுகளுக்கு 9.5 கோடி டாலர் கொடுத்த ரெட் சாக்ஸ், 2017 ஜூலையிலேயே அவரை வெளியே அனுப்பியது. மீதிப் பணத்தைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது.

நான்காம் படி: வரி வரம்பு எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஐபிஎல் ஏலத்தில் இருப்பது போன்ற செலவு உச்சவரம்பு மேஜர் லீக்கில் இல்லை. வரம்பைத் தாண்டினால் வரி மட்டும் உண்டு. 2025-ல் அந்த வரம்பு 24.1 கோடி டாலர், 2026-ல் 24.4 கோடி. முதல் ஆண்டு தாண்டினால் கூடுதல் தொகைக்கு 20 சதவீதம், தொடர்ந்து இரண்டாம் ஆண்டு 30, மூன்றாம் ஆண்டு 50. மிக மேலே போனால் கூடுதல் அடுக்குகள் சேர்ந்து 110 சதவீதம் வரை ஏறும். ஓராண்டு வரம்புக்குக் கீழே வந்துவிட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் பெட்ஸ் கதை இருக்கிறது. ரெட் சாக்ஸ் 2018, 2019 இரண்டு ஆண்டுகளிலும் வரம்பைத் தாண்டியிருந்தது. 2020-ல் வரம்பு 20.8 கோடி. கீழே இறங்கிக் கணக்கைப் புதுப்பிக்க நினைத்தார்கள். பெட்ஸின் அந்த ஆண்டுச் சம்பளம் 2.7 கோடி. அது முடிந்தால் அவர் ஃப்ரீ ஏஜென்ட்.

வரி யாருடைய பணம் என்று கேட்டுவிட்டுத்தான் இதில் நிலைப்பாடு எடுக்க வேண்டும். "அவரை வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகாது" என்று ஒரு ரசிகர் சொல்லும்போது, அந்தக் கட்டுப்படி உரிமையாளருடையது. ரசிகர் நுழைவுச்சீட்டுக்குக் கொடுக்கும் காசு பெட்ஸ் போன பிறகு குறையவில்லை. உரிமையாளர் தன் பணத்தைக் காத்துக்கொள்வது அவர் இஷ்டம். அதை ஆட்ட நுணுக்கம் என்று ரசிகரே எடுத்துச் சொல்லி வக்காலத்து வாங்க வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: வீரரின் மதிப்பை அளக்கப் பழகுங்கள்

பேட்டிங் சராசரி, ஹோம் ரன் (மைதானத்துக்கு வெளியே அடிக்கும் அடி), ஆர்பிஐ (தன் அடியால் அணிக்குச் சேர்த்த ரன்) மட்டும் வைத்து இனி பேச முடியாது. வார் என்ற அளவு எல்லா வாதத்திலும் வரும். மைனர் லீக்கிலிருந்து எளிதாகக் கிடைக்கும் ஒரு சாதாரண வீரரைவிட இவர் எத்தனை வெற்றிகளைக் கூட்டித் தருகிறார் என்பதே அது. அப்படிச் சாதாரண வீரர்களை மட்டும் கொண்ட அணி 162-ல் ஏறக்குறைய 48 ஆட்டம் வெல்லும் என்பது அதன் அடிப்படை. ஒரு சீசனில் 2 இருந்தால் முறையான ஆட்டக்காரர், 5 இருந்தால் நட்சத்திரம், 8-க்கு மேல் போனால் விருதுப் பேச்சு. 2018-ல் பெட்ஸ் எடுத்தது 10-க்கு மேல்.

ஆனால் இதைக் கணக்கிடும் தளங்கள் ஒன்றுக்கு மேல் உண்டு, ஃபீல்டிங்கை ஒவ்வொன்றும் ஒரு விதமாக அளக்கின்றன. ஒரே வீரருக்கு ஒரே சீசனில் கணிசமான வித்தியாசம் வரும். எனவே "இவருக்கு 4.1, அவருக்கு 3.8, ஆகவே இவர்தான் மேல்" என்பதில் அர்த்தமில்லை.

மைதானத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். ரெட் சாக்ஸின் மைதானமான ஃபென்வே பார்க்கின் இடது பக்கச் சுவர் 37 அடி உயரம், ஆனால் பேட்டரிடமிருந்து 310 அடி தூரம்தான். வேறு மைதானத்தில் கேட்ச் ஆகும் பந்து இங்கே சுவரில் மோதி டபுள், அதாவது பேட்டர் இரண்டாம் பேஸ் வரை போகும் அடி, ஆகும். பேட்டிங்கை அளக்கும் ஓபிஎஸ் பிளஸ் போன்ற அளவுகள் இதைச் சரிசெய்து, 100 என்பதைச் சராசரியாக வைத்துச் சொல்கின்றன. 130 என்றால் சராசரியைவிட 30 சதவீதம் மேல்.

வயதுதான் எல்லாவற்றுக்கும் மேல். பேட்டர்களின் உச்சம் பெரும்பாலும் 26 முதல் 29 வரை. ஆறு ஆண்டு விதியால் பலர் ஃப்ரீ ஏஜென்ட் ஆகும்போது 30-ஐ நெருங்கிவிடுகிறார்கள். சோட்டோவுக்கு அந்தத் தொகை கிடைத்ததற்குக் காரணம் அவர் அடித்த அடி மட்டுமில்லை, கையெழுத்துப் போட்டபோது வயது 26.

ஏப்ரல் மாத எண்களை நம்பி யாரையும் தூற்றவும் வேண்டாம், தலையில் தூக்கிவைக்கவும் வேண்டாம்.

ஆறாம் படி: ஒரு டிரேடை எடைபோடுவது

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். டிரேட், அதாவது அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வது பற்றிய சண்டைகள்தான் தலைமுறை தாண்டி ஓடுகின்றன. 1919 டிசம்பரில் பேப் ரூத்தை யாங்கீஸுக்கு விற்றதை பாஸ்டன் இன்னும் பேசுகிறது. 1918-க்குப் பிறகு அடுத்த கோப்பை வர 2004 வரை, 86 ஆண்டு ஆனது.

எந்த டிரேடையும் இரண்டு தேதிகளில் நின்று பார்க்க வேண்டும்: கையெழுத்தான அன்று, ஐந்து ஆண்டு கழித்து. இரண்டு பார்வைக்கும் தனித்தனி மதிப்பெண். ஒன்றை மற்றொன்றுக்குப் பதிலாகக் காட்டக்கூடாது.

1990 ஆகஸ்டில் ரெட் சாக்ஸ் பிளேஆஃபுக்கு முண்டியடித்துக்கொண்டிருந்தது. ரிலீவ் பிட்சர், அதாவது ஆட்டத்தின் நடுவில் வந்து பந்து வீசுபவர் தேவை. ஹூஸ்டனிலிருந்து லாரி ஆண்டர்சனை வாங்கி, மைனர் லீக்கில் இருந்த ஜெஃப் பேக்வெல் என்ற இளைஞரைக் கொடுத்தார்கள். ஆண்டர்சன் 15 ஆட்டங்களில் 22 இன்னிங்ஸ் பிரமாதமாக வீசினார், அணி தன் பிரிவில் முதலிடம் பிடித்தது, பிளேஆஃபில் ஓக்லண்டிடம் நான்கு ஆட்டமும் தோற்றது. குளிர்காலத்தில் ஆண்டர்சன் வேறு அணிக்குப் போய்விட்டார். பேக்வெல் 449 ஹோம் ரன் அடித்துப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். அன்றைய நிலையில் பேக்வெல் ஆடிய மூன்றாம் பேஸில் வேட் பாக்ஸ் என்ற மலை உட்கார்ந்திருந்தது, உண்மைதான். ஆனாலும் ஒரு மாத வேலைக்கு வரும் ரிலீவ் பிட்சருக்கு நல்ல பேட்டர் ஒருவரைக் கொடுப்பது அன்றைய தேதியிலும் அதிக விலை.

அதே அணி 1997 ஜூலை 31 அன்று தடுமாறிக்கொண்டிருந்த ஹீத்கிளிஃப் ஸ்லோகம்ப் என்ற பிட்சரை சியாட்டிலுக்குக் கொடுத்து, டெரெக் லோ, ஜேசன் வாரிடெக் இருவரையும் வாங்கியது. 2004 பிளேஆஃபில் மூன்று தொடர்களிலும் முடிவு கட்டிய ஆட்டத்தில் வென்ற பிட்சர் லோ, அவருக்குப் பந்து பிடித்தவர் வாரிடெக். அவசரத்தில் இருப்பவரிடம் விற்பவர் லாபம் பார்க்கிறார். ஜூலை கடைசியில் உங்கள் அணி எந்தப் பக்கம் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.

உள்ளூர்ச் செல்லப்பிள்ளையை அனுப்புவது எப்போதும் தவறா? 2004 ஜூலை 31 அன்று ரெட் சாக்ஸின் தலைமை நிர்வாகி தியோ எப்ஸ்டீன் நோமர் கார்சியாபாராவை அனுப்பினார். இரண்டு முறை பேட்டிங் சராசரியில் லீக்கிலேயே முதலிடம் பிடித்த ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்), ஊரே கொண்டாடியவர். பதிலுக்கு ஆர்லாண்டோ கப்ரேரா, டக் மின்கேவிச் என்ற இரு நல்ல ஃபீல்டர்கள். அதே நாளில் தனியாக டேவ் ராபர்ட்ஸ் என்ற வேகமான ஓட்டக்காரரையும் வாங்கினார். அக்டோபரில் யாங்கீஸுக்கு எதிரான நான்காம் ஆட்டத்தில், ஒன்பதாம் இன்னிங்ஸில் பேட்டர் பந்தை அடிக்காமலே ஓடி ராபர்ட்ஸ் திருடிய இரண்டாம் பேஸ்தான் அந்தத் தொடரைத் திருப்பியது.

நோமரையும் பெட்ஸையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இருவருமே அந்த சீசன் முடிவில் ஃப்ரீ ஏஜென்ட் ஆக வேண்டியவர்கள். ஆனால் நோமருக்கு 31 வயது, குதிகாலில் காயம், ஃபீல்டிங் சரிந்திருந்தது. பாஸ்டன் அந்த ஓட்டையை அடைக்க அந்த ஆண்டே ஆடும் ஆட்களை வாங்கியது. பெட்ஸுக்கு 27 வயது, எந்தச் சரிவும் தெரியவில்லை. அவரோடு பெரிய சம்பளம் வாங்கிய பிட்சர் டேவிட் பிரைஸையும் தள்ளிவிட்டு, பிரைஸுக்கு மிச்சமிருந்த 9.6 கோடியில் பாதியையும் பாஸ்டன் கட்டியது. வந்தவர்கள் அலெக்ஸ் வெர்டூகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங். வெர்டூகோ 2023 டிசம்பரில் யாங்கீஸுக்கே போனார். டவுன்ஸ் 2022 முடிவில் கைவிடப்பட்டார். வாங் கேட்சராக நிலைத்தார். பெட்ஸ் 2020 ஜூலையிலேயே டாட்ஜர்ஸோடு 12 ஆண்டு, 36.5 கோடிக்குக் கையெழுத்துப் போட்டு, அங்கே 2020, 2024, 2025 மூன்று கோப்பைகள் வாங்கிவிட்டார்.

கோப்பைகளை விட்டுவிட்டு 2020 பிப்ரவரியில் நின்றே பார்த்தாலும் என் தீர்ப்பு மாறாது. வரி வரம்பைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக, உச்சத்தில் இருக்கும் வீரரோடு இன்னொருவரின் சம்பளச் சுமையையும் கட்டி விற்றால், வாங்குகிறவர் கொடுக்கும் விலை குறையத்தான் செய்யும். அது தவறான டிரேட்.

இதற்கு நேர்மாறான சோதனை பிட்சர் கிறிஸ் சேல். 2020 முதல் 2023 வரை நான்கு சீசனில் பாஸ்டனுக்காக அவர் தொடங்கிய ஆட்டங்கள் 31 மட்டுமே. முழங்கை அறுவை, விரல் முறிவு, சைக்கிள் விபத்தில் மணிக்கட்டு முறிவு. 2023 டிசம்பரில் 1.7 கோடி டாலரையும் சேர்த்துக் கொடுத்து அட்லாண்டாவுக்கு அனுப்பி, வான் கிரிஸம் என்ற இளைஞரை வாங்கினார்கள். அப்போது ஊரில் பெரிய எதிர்ப்பு எழவில்லை. 2024-ல் சேல் 18 வெற்றி 3 தோல்வி, 2.38 ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ரன்) என்று நேஷனல் லீகின் சிறந்த பிட்சர் விருதை வாங்கினார். கிரிஸம் காயத்திலும் மைனர் லீக்கிலும் காலம் கழித்தார். அன்று தலையாட்டியவர்கள் இன்று "எனக்கு அப்போதே தெரியும்" என்றால், அப்போது எங்கே சொன்னீர்கள் என்று கேளுங்கள்.

ஏழாம் படி: மேனேஜரின் முடிவு, பந்து பந்தாக

2003 அக்டோபர் 16, யாங்கீ ஸ்டேடியம், லீக் இறுதியின் ஏழாம் ஆட்டம். எட்டாம் இன்னிங்ஸில் ரெட் சாக்ஸ் 5–2 முன்னிலை. பெட்ரோ மார்ட்டினெஸ் வீசுகிறார். ஒரு அவுட் விழுந்த பிறகு யாங்கீஸின் டெரெக் ஜீட்டர் டபுள், பெர்னி வில்லியம்ஸ் சிங்கிள், 5–3. ரெட் சாக்ஸின் மேனேஜர், அதாவது களத்தில் ஆட்டத்தை நடத்துபவர், கிரேடி லிட்டில் நடந்து வருகிறார். பெட்ரோ அதுவரை வீசியவை 115 பந்து. ரிலீவர் ஆலன் எம்ப்ரீ தயாராக இருக்கிறார், அடுத்த பேட்டர் மட்சுயி இடது கை, எம்ப்ரீயும் இடது கை, அது பிட்சருக்குச் சாதகம். லிட்டில் பெட்ரோவோடு பேசிவிட்டுத் தனியாகத் திரும்பிப் போகிறார். மட்சுயி டபுள், போசாடா டபுள், 5–5. பதினொன்றாம் இன்னிங்ஸில் ஆரன் பூன் அடித்த ஹோம் ரனோடு எல்லாம் முடிந்தது. லிட்டிலுக்கு வேலை போனது.

2020 அக்டோபர் 27, டெக்சஸ் மாநிலம் ஆர்லிங்டன், கோப்பைக்கான உலகத் தொடரின் ஆறாம் ஆட்டம். டாம்பா பே ரேஸ் 1–0 முன்னிலை. அதன் பிட்சர் பிளேக் ஸ்னெல் 73 பந்தில் 9 பேரை ஸ்ட்ரைக்அவுட் (அடிக்க விடாமலே அவுட்) செய்திருக்கிறார், கொடுத்தவை இரண்டே ஹிட். ஆறாம் இன்னிங்ஸில் ஒரு சிங்கிள் விழுந்ததும் மேனேஜர் கெவின் கேஷ் அவரை வெளியே எடுத்தார். அடுத்து வந்தவர் அந்த ஆட்டத்தில் ஸ்னெல்லிடம் இரண்டு முறையும் ஸ்ட்ரைக்அவுட் ஆன மூக்கி பெட்ஸ். புதிதாக வந்த நிக் ஆண்டர்சன் முந்தைய ஆறு பிளேஆஃப் ஆட்டங்களிலும் ரன் கொடுத்திருந்தார். பெட்ஸ் டபுள் அடித்தார், கேட்சரால் பிடிக்க முடியாத ஒரு வைல்ட் பிட்ச், டாட்ஜர்ஸ் முந்தியது, 3–1 என்று வென்று கோப்பையைத் தூக்கியது.

ஒருவர் எடுக்காததற்கும் இன்னொருவர் எடுத்ததற்கும் திட்டு வாங்கினார்கள். இதை முரண் என்று விட்டுவிடக் கூடாது. பிட்சரை மூன்றாம் முறை சந்திக்கும்போது பேட்டர்கள் நன்றாக அடிக்கிறார்கள் என்பது பொதுவான உண்மை. கேஷ் அதைத்தான் பின்பற்றினார். ஆனால் ஒரு மாற்றம் சரியா என்று பார்க்க மூன்று கேள்வி வேண்டும்: வீசிக்கொண்டிருப்பவர் இப்போது எப்படி இருக்கிறார், வரப்போகிறவர் எப்படி இருக்கிறார், எதிரே நிற்பவர் யார். லிட்டிலுக்கு மூன்றிலும் விடை "மாற்று" என்றது. களைத்த பிட்சர், நல்ல ஃபார்மில் ரிலீவர், பொருத்தமான எதிராளி. கேஷுக்கு மூன்றிலும் விடை "மாற்றாதே" என்றது. என் கணக்கில் இருவருமே தவறு செய்தார்கள், பந்து விழுவதற்கு முன்பே.

எட்டாம் படி: பழி போய்ச் சேர வேண்டிய இடம்

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது பேஸ்பாலில் தினசரி நடக்கும். பிட்சரை மாற்றுவது மேனேஜர். வீரரை வாங்குவது, விற்பது தலைமை நிர்வாகி. எவ்வளவு செலவு என்று கோடு கிழிப்பது உரிமையாளர்.

பெட்ஸ் போனதற்கு பாஸ்டன் ரசிகர்கள் திட்டியது தலைமை நிர்வாகி ஹைம் புளூமை. அவர் பதவிக்கு வந்து சில மாதமே ஆகியிருந்தது. சம்பளப் பட்டியல் கனத்துப்போனதற்குக் காரணமான ஒப்பந்தங்கள் அவருக்கு முன் இருந்த டேவ் டொம்ப்ரோவ்ஸ்கி காலத்தவை: பிரைஸுக்கு 7 ஆண்டு 21.7 கோடி, நேத்தன் யோவால்டிக்கு 4 ஆண்டு 6.8 கோடி, சேலுக்கு 5 ஆண்டு 14.5 கோடி. 2018 கோப்பையும் அதே டொம்ப்ரோவ்ஸ்கி கட்டிய அணிதான் வென்றது, கோப்பை வென்ற ஓராண்டுக்குள் அவரும் நீக்கப்பட்டார். வரம்புக்குக் கீழே வர விரும்பியது உரிமையாளர் ஜான் ஹென்றி தரப்பு. புளூமை 2023 செப்டம்பரில் நீக்கினார்கள். நிர்வாகிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள், உரிமையாளர் 2002 முதல் அதே இடத்தில்தான். ஒரு முடிவைத் திட்டும் முன் அது இந்த மூன்று நாற்காலிகளில் எதிலிருந்து வந்தது என்று தேடுங்கள். பெட்ஸுக்குப் பதிலாகக் கிடைத்த ஆட்களைப் பற்றிய பொறுப்பு மட்டும் புளூமுடையது, அதற்கு அவர் பதில் சொல்லத்தான் வேண்டும்.

ஒன்பதாம் படி: செய்தியை யார் கசியவிட்டார்கள்?

குளிர்காலச் செய்திகளில் பெரும்பகுதி வீரருக்காகப் பேரம் பேசும் ஏஜென்ட் அல்லது அணியிடமிருந்து வருகிறது, இருவருக்கும் அதில் ஆதாயம் உண்டு. "ஐந்து அணிகள் ஆர்வம்" என்றால் விலையேற்றம். "நாங்கள் நல்ல தொகை சொன்னோம், அவர்தான் மறுத்தார்" என்றால் ரசிகர்களைத் தன் பக்கம் இழுக்கும் வேலை. 2022 சீசன் தொடக்கத்தில் யாங்கீஸ் ஜெனரல் மேனேஜர் பிரையன் கேஷ்மன், ஆரன் ஜட்ஜ் மறுத்த 7 ஆண்டு 21.35 கோடி டாலர் திட்டத்தை வெளிப்படையாகவே அறிவித்தார். ஜட்ஜ் அந்த ஆண்டு 62 ஹோம் ரன் அடித்து, அதே அணியிடம் 9 ஆண்டுக்கு 36 கோடி வாங்கினார்.

வீரரின் குடும்பம், உடம்பு, மனநலம் பற்றி ஊகம் வேண்டாம். காயம் பட்டவரை நடிக்கிறார் என்று சொல்பவரோடு வாதமே வேண்டாம்.

பத்தாம் படி: அடுத்த பெரிய வாதத்துக்குத் தயாராகுங்கள்

அணிகளுக்கும் வீரர் சங்கத்துக்கும் 2022-ல் ஏற்பட்ட கூட்டு ஒப்பந்தத்தின் காலம் 2026 டிசம்பர் 1 வரை. முந்தைய ஒப்பந்தம் முடிந்தபோது உரிமையாளர்கள் 99 நாள் கதவடைப்பு செய்தார்கள். 1994-ல் உரிமையாளர்கள் சம்பள உச்சவரம்பு கேட்டதை எதிர்த்து வீரர்கள் வேலைநிறுத்தம் செய்ய, அந்த ஆண்டு உலகத் தொடரே நடக்கவில்லை. உச்சவரம்பு வேண்டும் என்ற குரல் இப்போது ரசிகர்களிடமும் பலமாக எழுகிறது, காரணம் டாட்ஜர்ஸின் செலவு.

இந்த வாதத்தில் இறங்குகிறவர்கள் எதிராளியிடம் முதலில் கேட்க வேண்டியது: உச்சவரம்போடு குறைந்தபட்சச் செலவு வரம்பும் சேர்ந்து வருமா? வந்தால் அது எவ்வளவு? உள்ளூர் தொலைக்காட்சி வருமானத்தைச் சிறிய ஊர் அணிகளோடு எந்த விகிதத்தில் பங்கிடுவார்கள்? ஆறு ஆண்டு காத்திருப்பு குறையுமா, 171 நாள் மாதிரியான கணக்கு ஒழியுமா? பாஸ்டன் போன்ற பணக்கார ஊர் ரசிகர் ஒருவர் உச்சவரம்பை ஆதரித்தால் இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: பெட்ஸை அனுப்பிய ஆண்டில் உச்சவரம்பு இருந்திருந்தால், உரிமையாளர் அவரை வைத்திருப்பாரா, இல்லை அனுப்புவதற்கு இன்னும் வசதியான காரணம் கிடைத்திருக்குமா?